மச்சான் கட்டிக்கொண்ட கைப்பட்டை

காப்பித்தூள் நிறத்தில் ஒரு கைப்பட்டை. எண்பதுகளில், வெல்ட் கீ படகுத்துறையை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் நான் தேத்தண்ணி ஆற்றும் வேலையில் இருந்தபோது, கிளினிக் டாக்டர் என் வலது மணிக்கட்டில் மாட்டிவிட்டது. கையைத் தூக்க முடியாமல் கிளினிக்குக்குப் போகும் வழியிலேயே பக்கவாதம் என்று முடிவுகட்டி, என் சட்டைகள் யார் யாருக்கு என்று மனதுக்குள் பிரித்துக் கொடுத்தும்விட்டேன். டாக்டர் என் கட்டைவிரலை மடக்கிக் கையைக் கீழே சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே ஒரு குழந்தை அழுதது. குவளையைத் தூக்கித் தூக்கிச் சாய்த்ததில் கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் வீங்கிவிட்டதாம். பட்டையைக் கழற்றாதே, சில வாரம் ஓய்வு கொடு என்றார்.

ஓய்வாம்! காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த்திலிருந்து வந்து இறங்கும் கூட்டம் எங்கள் கடையில்தான் விழும். இடுப்பு பிடித்துப் படுத்த ஒருவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத்தான் முதலாளி என்னையே சேர்த்திருந்தார்.

பக்கத்துக் கல்லில் ரொட்டி வீசியவர் என் மனைவியின் அண்ணன். முதலாளியின் குரல் வாசலில் கேட்டதும் மச்சான் என் வேலை போய்விடக்கூடாதென்று என் பட்டையை உருவித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"கையில என்னப்பா?"

"லேசா வலி மொதலாளி."

"அப்ப நீ கல்லாவுல உக்காரு. தம்பி, ரொட்டியும் சேத்து நீயே வீசுலா."

வலித்த கையே இரண்டு வேலையும் பார்த்தது. என் முதல் ரொட்டி கல்லில் விழவில்லை. சாப்பிட வந்தவர் மடியில் விழுந்தது.

கூட்டம் வடிந்ததும், "கழட்டுங்க மச்சான், கை செத்துப்போச்சு!" என்று அலறினேன்.

அவர் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்லா. இதக் கட்டுனா எவ்வளவு சுகமா இருக்கு."

அப்போதுதான் பார்த்தேன். பட்டைக்கு மேலே அவர் கை என்னுடையதைவிட மோசமாகப் புடைத்திருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன்.

"ஒங்க கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

மறுநாள் டாக்டரிடம் அவரையும் இழுத்துப்போய் இன்னொரு பட்டை வாங்கினேன். இருவரும் பட்டையோடு முதலாளி முன்னால் நின்றோம். ஒருவனை விரட்டலாம், இரண்டு பேரையும் விரட்டினால் ஃபெர்ரிக் கூட்டத்துக்கு யார்? முறைத்துவிட்டு, தாமே குவளையை எடுத்தார்.

இப்போது கடையில்லை, ஓய்வு நிறையவே இருக்கிறது. மழை நாளில் மட்டும் மணிக்கட்டு முணுமுணுக்கும். மச்சான் போன் செய்வார்.

"கை எப்புடி மச்சான்?" என்பேன்.

"நல்லாருக்கு. ஒங்களுக்கு?"

"நல்லாருக்கு."

இருவருமே நம்புவதில்லை. மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.