அடியில் தங்கிய உப்பு

தியேட்டருக்கு வருகிற எல்லோருக்கும் அவர் 'பாப்கார்ன் அக்கா'. வீட்டில் சமைத்தால் உப்புப் போட மறந்துவிடுகிறார் என்று கணவர் புலம்புவார். தியேட்டரிலோ உப்பை அள்ளிக் கொட்டுகிறார் என்று ஜனங்கள் புலம்புவார்கள். ஒரே கைக்கு இரண்டு கெட்ட பெயர்.

தியேட்டர் புலம்பலில் நியாயம் இருந்தது. கொரகொரவென்று இருக்கிற உப்பு பொரியில் ஒட்டாது. உருண்டு போய்ப் பொட்டலத்தின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். மேலே உப்புச் சப்பில்லை, கீழே கடல்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து நின்றார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்குச் சாயங்கால ஆட்டத்துலயும் இதே பேச்சு வந்தா, பாக்கெட் பாப்கார்ன் வாங்கி வெச்சுடுவேன். அதுக்கு அடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம்."

மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த அடுப்பு அக்காவுடையது. மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள், அடுப்பு போகவில்லை.

மறுநாள் காலை கல் உப்பை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்தார். ஆற வைக்கப் பொறுமையில்லை. சூட்டோடு மிக்ஸியில் போட்டார். மூடிக்குள் வேர்த்து, உப்பு ஜாரில் அப்பிக்கொண்டது.

வாசல் அறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "என்னடி, சுவத்துக்குப் பூசப் போறியா?"

"வாயைத் தைச்சுக்கிட்டுச் சட்டையைப் பாருங்க."

அடுத்த ஈடை வறுத்துத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறியபின் விட்டு விட்டு அரைத்தார். அரைத்த வேகத்தில் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை கிளம்பியது. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"அப்பாடா! இந்த வீட்டுலயும் உப்பு வந்துருச்சு" என்றார் கணவர், கண்ணைத் துடைத்தபடி. சொன்ன வாய் சொன்னபடி இருக்க, கை மெல்லிய லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது. அதில் சலித்ததும் முகப்பவுடர் மாதிரி இறங்கியது உப்பு.

சாயங்காலம் சுடச்சுடப் பொரிந்த சோளத்தைக் குலுக்கிக் குலுக்கித் தூவினார். வழக்கத்தில் பாதி உப்புதான். குறைத்துப் போட்டால் ருசி கூடுமென்று எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்பமாட்டார், நாக்கு ஒப்பியது.

இடைவேளையில் பொட்டலம் வாங்கிப்போன ஒரு தடித்த ஆசாமி விறுவிறுவென்று திரும்பி வந்தார். போன வாரம் உப்புக்காகச் சண்டை போட்டவர். மேனேஜரும் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னொண்ணு குடுங்க. வீட்டுக்காரி எனக்கு மிச்சமே வைக்கல."

மேனேஜர் தானும் ஒரு பொட்டலம் எடுத்தார். படம் மறுபடி ஆரம்பித்தும் அவர் நகரவில்லை. கடைசிப் பொரியைத் தின்றுவிட்டு, வெறும் பொட்டலத்தை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். உப்பு எதுவும் உதிரவில்லை.

"பாக்கெட்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். நாளைக்கு மேட்னிக்குக் கூட்டம் வரும்க்கா, சீக்கிரம் வந்துடுங்க."

"சீக்கிரமா?" என்றார் அக்கா. "உப்பு ஆற வேண்டாமா, சார்?"