வெள்ளிக்கிழமை கழுவிய கார்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்துச் சனிக்கிழமை காலை ஒன்றில், டென்மார்க்கில் நாங்கள் குடியிருக்கும் ஹேர்னிங் நகரத்தில் இது நடந்தது.

தொழிற்சாலையில் என்னோடு ஒரே பகுதியில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரும் யாழ்ப்பாணம்தான். அங்கே அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கடுமையாக இருக்கிறா என்று தகவல் வந்ததும் அவசரமாக டிக்கெட் எடுத்திருந்தார். பில்லுண்ட் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடமுடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் அதிகம் கதைக்காதவன், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே எனக்கு வரும் டெனிஷ் கடிதங்களை வாசித்துச் சொல்வதற்குக் கூட அந்த அண்ணையிடம்தான் போய் நிற்பேன். அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே ஓம் என்றேன்.

ஊரில் சின்ன வயதில் ஒரு லொறியில் கிளீனராக நின்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாகனத்தைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைக்காமல் முதலாளி வீட்டுக்குப் போக விடமாட்டார். வாகனத்தை நிறுத்தினால் ஹான்ட்பிரேக்கை இறுக்கி இழுக்கவேண்டும் என்பதும் அவர் பழக்கியதுதான். டென்மார்க்குக்கு வந்தும் இரண்டையும் நான் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பனி உருகித் தெருவெல்லாம் உப்பும் சேறுமாக இருந்தது. அண்ணை கவலையோடு ஏறப்போகிற கார், அது அழுக்காக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். வெளிக்குழாயை மாரிக்குளிருக்குப் பூட்டியிருந்ததால் குசினியிலிருந்து வாளி வாளியாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து, சில்லுகளுக்குள்ளும் ஊற்றிக் கழுவினேன்.

"மனுசருக்கே இந்தக் குளிருக்கை குளிக்கப் பஞ்சியாக் கிடக்கு, நீங்கள் காருக்கு முழுக்கு வாக்கிறியள்" என்று மனைவி கதவடியில் நின்று சிரித்தா.

பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் நாயோடு நடந்து வந்தவர், நின்று பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் டெனிஷை நினைத்து எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் குனிந்து சில்லைத் தேய்க்கத் தொடங்கினேன். அவரும் போய்விட்டார். நான் பொட்டு வைத்து, ஹான்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு உள்ளே போனேன். இரவு கடும் குளிர் வந்து எல்லாவற்றையும் உறையவைத்துவிட்டது.

காலையில் கார் ஸ்டார்ட் வந்தது. பிரேக்கை இறக்கிக் கியரைப் போட்டால் அசையவில்லை. கொஞ்சம் கூட மிதித்தேன். பின்சில்லுகள் இரண்டும் சுழலாமல் பனியின் மேல் இழுபட்டன. பிரேக்குக்குள் போன தண்ணீர் உறைந்து சில்லைப் பிடித்துவைத்திருக்கிறது என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு சில்லு விட்டது. மற்றது விடவில்லை. திரும்பத் திரும்ப ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் ரிம்முக்குள் வழிந்து அங்கேயே கட்டியாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் உறைந்த பனியைச் சுரண்டித் தள்ளிக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கைபேசி அடித்தது. அண்ணை.

"தம்பி, வெளிக்கிட்டிட்டியோ? பிந்துமெண்டா சொல்லு, டாக்சிக்கு அடிக்கிறன்."

"இந்தா வாறன் அண்ணை."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த கேத்தலோடு சில்லு விட்டுவிடும் என்றுதான் நம்பினேன்.

கடைசியில் மகள் ஜன்னலால் கண்டுவிட்டு வெளியே வந்தாள். வழக்கமாக டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை அன்று தமிழில் கேட்டாள். "அப்பா, ஏன் நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை?"

அவள் போய்ச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சுத்தியலோடு வந்தார். பனியில் ஒரு பழைய கம்பளத்தை விரித்து முழங்காலில் இருந்து, சில்லின் உட்பக்கம் பிரேக்கின் மேல் சில தட்டுத் தட்டினார். மெதுவாகப் பின்னுக்கு எடு என்று கையைக் காட்டினார். டக்கென்று ஒரு சத்தம். சில்லு சுழன்றது. அவ்வளவுதான். உறையும் நாட்களில் ஹான்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விடவேண்டுமாம். அதை நேற்றே சொல்ல வந்தாராம். எனக்குக் கதைக்க விருப்பமில்லை என்று நினைத்துப் போய்விட்டாராம். மகள்தான் எனக்குச் சொன்னாள்.

அண்ணை பெட்டியோடு வாசலில் நின்றார். மூக்கு சிவந்திருந்தது. "மாப்பிள்ளை மாதிரிப் பொட்டெல்லாம் வைச்சுக்கொண்டெல்லோ வாறார்" என்று காரைப் பார்த்துப் பகிடி விட்டுத்தான் ஏறினார். தெருவில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே கார் முழுக்க நடுங்கியது. நான் ஊற்றிய தண்ணீர்தான் ரிம்முக்குள் ஒரு பக்கம் பனிக்கட்டியாகிப் பாரம் ஏற்றியிருந்தது. உருண்டு உருண்டுதான் போக முடிந்தது. அண்ணை மணிக்கூட்டைப் பார்ப்பார். நான் கவனிப்பதைக் கண்டால் கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பயணிகளின் பெட்டிகளை வாங்கி விமானத்துக்கு அனுப்பும் இடத்தை மூடிவிட்டார்கள்.

அடுத்த நாள் விமானத்தில்தான் போனார். அவர் கொழும்பில் இறங்கும்போது அம்மா போய்விட்டா. அதற்கு முதல் நாள் பகல் முழுக்க அவவுக்கு நல்ல நினைவு இருந்ததாம், எல்லோரோடும் கதைத்தாவாம். அண்ணை அந்தப் பகலில் அங்கே நின்றிருக்கவேண்டியவர்.

திரும்பி வந்து வேலைக்கு நின்ற முதல் நாள், வழக்கம்போல எனக்கும் சேர்த்துக் கோப்பி எடுத்துவந்தார். நான் ஏதோ சொல்ல வெளிக்கிட்டேன்.

"நீ வேணுமெண்டே செய்தனி? விடு" என்றார். கோப்பியில் ஒரு மிடறு குடித்தார். பிறகு, "ஆனா தம்பி, கார் வெளிக்கிடேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. இப்போதும் என் கடிதங்களை வாசித்துச் சொல்கிறார். நானும் இப்போது மாரியில் காரைத் துணியால் துடைப்பதோடு விட்டுவிடுகிறேன். ஹான்ட்பிரேக்கைத் தொடுவதில்லை. ஒருவரிடம் உதவி கேட்க வாய் கூசும்போதெல்லாம் பெட்டியோடு வாசலில் நின்ற அந்த மனிதர் கண்முன் வருகிறார். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டுவிடுகிறேன், ஆனால் அம்மாவோடு அவர் இருந்திருக்கவேண்டிய அந்த ஒரு பகலை என்னால் எந்த நாளும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.