பெரியம்மா மகன் பார்த்த சுறா

சுறாவைக் கண்டு பயந்தவர்கள் உண்டு. சுறாவைக் கண்டவனைக் கண்டு வயிறெரிந்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதுவும் என்ன சுறா? ஒரு கை நீளம். பகலெல்லாம் பாறை இடுக்கில் தூக்கம். சும்மா விட்டால் யாரையும் கடிக்காது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குளச்சல் பக்கம் கடலில் முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்ப்பவர். ஒரு லாரி டியூப், இடுப்பில் வலைப்பை, கையில் உளி, முகத்தில் கண்ணாடி. மற்றபடி அவருக்கு இருந்ததெல்லாம் மூச்சுதான். சிப்பிப் பாறையின் அடியில், மணலை ஒட்டிய இடுக்கில் அந்தச் சுறா கிடப்பதாகச் சொல்லுவார். பழுப்பு நிறம், மூக்கோரம் குட்டி மீசை. தலையை இடுக்குக்குள் சொருகிவிட்டு வாலை வெளியே விட்டிருக்குமாம். தன்னை யாருமே பார்க்கவில்லை என்று அதற்கு நினைப்பு.

“நீ முங்கப் படி மக்கா. ஒனக்குத்தான் மொதல்ல காட்டுவேன்” என்றிருந்தார்.

படித்தேன். குளியலறை வாளிக்குள் தலையை விட்டு மூச்சடக்கிப் படித்தேன். “ஏலே, குளிக்கப் போனியா, சாவப் போனியா?” என்று அம்மா கதவைத் தட்டுவாள்.

அப்போதுதான் குவைத்திலிருந்து பெரியம்மா குடும்பம் லீவுக்கு வந்தது. பெரியம்மா மகனுக்கு என் வயதுதான். ஆனால் அவனிடம் மூச்சுக்குழல் வைத்த கண்ணாடி இருந்தது. காலில் மாட்ட மஞ்சள் நிறத்தில் வாத்துக்கால் இருந்தது. என்னிடம் வாளி இருந்தது.

வந்த மறுநாளே மாமா அவனைக் கடலுக்குக் கூட்டிப்போனார். என்னையும்தான். டியூபைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

“காலுல மாட்டினத கழத்திப்போடு மக்கா. மணலு கலங்கினா ஒண்ணும் தெரியாது. பைய பக்கவாட்டுல போவணும். வாலத் தொட்டுராத. அது வெளிய வாற வழிய அடைச்சிக்கிட்டும் நிக்காத. பயந்துபோவும்.”

சுறா பயந்துவிடும் என்று கவலைப்பட ஆள் இருந்தது. நான் என்ன ஆவேன் என்று கேட்க நாதியில்லை. போதாக்குறைக்கு, ‘மக்கா’ என்று அவனை வேறு கூப்பிடுகிறார். அது என்னுடைய மக்கா.

இருவரும் முங்கினார்கள். ‘அது எழும்பி ஓடியிருக்கட்டும் மாதாவே’ என்று நான் டியூபின்மேல் கிடந்து வேண்டினேன். மாதா அன்று வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும். மேலே வந்தவன் முகமெல்லாம் பல்லாக, “கண்ணு பூனைக்கண்ணு மாதிரிடா! நான் பக்கத்துல படுத்தே பாத்தேன். அசையவே இல்ல!” என்றான்.

“இனி நான், மாமா.”

“இன்னைக்கு வேண்டாம். தண்ணி கலங்கிட்டு வருது.”

குதித்துவிட்டேன். கடல் என் தலையை மட்டும் ஏற்றுக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பியது. கீழே உப்புத்தண்ணீரில் கண் எரிய நான் எதையோ தேட, மேலே என் நிக்கர் வானத்தைப் பார்த்து மிதந்தது. சுறா தற்செயலாக அண்ணாந்திருந்தால் தன் இனத்தில் ஒன்று என்று நினைத்திருக்கும். மாமா நிக்கரைப் பிடித்துத் தூக்கினார். பெரியம்மா மகன் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வரச் சிரித்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் அவன் திரும்பத் திரும்ப அதே கதையைச் சொன்னான். பெரியப்பா மகிழ்ந்துபோய் மாமாவின் தோளில் தட்டி, “பாஸ்போர்ட் வந்தாச்சாடே?” என்று கேட்டார். “வந்தாச்சு அத்தான்” என்று எழுந்து நின்றுகொண்டு சொன்னார் மாமா. நான் அதையெங்கே கவனித்தேன். பொரித்த மீனின் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வலைப்பை அலசிக்கொண்டிருந்த மாமாவைப் பிடித்தேன்.

“எனக்குத்தானே மொதல்ல காட்டுவேன்னு சொன்னிய?”

அவர் பையைப் பிழிந்தார். உதறினார். பிறகு சொன்னார்: “ஒன்னிட்ட வேண்டாம்னு சொல்லலாம் மக்கா. அவனிட்ட சொல்ல முடியாதுல்லா.”

ஆக, அவன்தான் உசத்தி. மாமா வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அதற்குப்பின் அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் கடலுக்குப் போகவில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, பரீட்சை. லீவில் ஏது பரீட்சை என்று அவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் மாமாவுக்கு விசா வந்தது. பெரியப்பா பார்த்துக் கொடுத்த வேலை. குவைத்தில், கடல் கண்ணில் படாத ஏதோ இடத்தில் சாமான் கிடங்கு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். நான் விறைப்பாக நின்றேன். ஒரே ஒரு கேள்விதான் நெஞ்சில் இருந்தது. அதைக் கேட்டேன்.

“அங்கயும் அவனுக்குச் சுறா காட்டுவியளா?”

மாமா சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் அழுதுவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். நல்லா அழட்டும் என்று இருந்தது.