நிரை பிடித்த முட்டைகள்

புத்தூரில் வீடுகளுக்கு ரைல்ஸ் பதிக்கும் வாகீசன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவன் பதித்த தரையில் நூல் பிடித்துப் பார்த்தாலும் பிசகு காணமுடியாது. ஆனால் அவனுடைய பெருமையெல்லாம் தங்கை ஜெயனிதான். அவள் விஞ்ஞான ரீச்சர். ஓய்வு கிடைத்தால் கமராவும் குறிப்பெழுதும் கொப்பியுமாய் வேலியோரம் குந்தியிருந்து ஓணான்களைப் படம் பிடிப்பாள்.

"உன்ரை தங்கச்சி ஓணானுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிறாளாமே?" என்று கூட வேலை செய்யும் செபமாலை சீண்டுவான்.

"ஓமடாப்பா. உனக்கு வயித்துக்குத்து எண்டாலும் சொல்லு, பாக்கச் சொல்லுறன்."

சித்திரை மழைக்குப் பிறகு ஒரு பெண் ஓணான் கிளுவை வேலியடியில் குழி தோண்டி முட்டையிட்டதை ஜெயனி முழுதாய்ப் படமெடுத்திருந்தாள். குஞ்சுகள் வெளியே வருவதையும் எடுத்துவிட்டால் கொழும்பில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்பலாம். அதற்கு ஒன்றரை மாதமாவது செல்லும்.

இருபதாம் நாள், அவள் பள்ளிக்கூடம் போனபின், கோழியொன்று அந்த இடத்தைக் கிளறியது. வாகீசன் ஓடிப்போய் விரட்டினான். இரண்டு முட்டைகள் வெளியே தெரிந்தன. மண்ணைத் தள்ளி மூடியிருக்கலாம். அவன் கை அப்படிப் பழகவில்லை. பதினொரு முட்டைகளையும் எடுத்து ஈரத்துணியால் துடைத்தான். அரித்த மணலைப் பரப்பி மட்டம் பார்த்து, நான்கு நான்காக, கடைசி நிரையில் மூன்றாக, சம இடைவெளி விட்டு அடுக்கினான். படத்துக்கும் வடிவாயிருக்கும் என்று நினைத்தான். மண்ணால் மூடி, மேலே கம்பிவலையும் போட்டான். பின்னேரம் வந்த ஜெயனிக்கு வலையைப் பற்றி மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வந்திருந்தாள். "பிள்ளை, கோழி அடைகாக்கிற மாதிரி உந்த முட்டையளையும் திருப்பிவிட வேணுமோ?"

"இல்லை மாமி, இட்டபடியே விடவேணும். புரட்டினால் உள்ளுக்கை குஞ்சு செத்துப்போகும்."

வாகீசன் தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

நாற்பத்தைந்து நாள் போயிற்று. ஐம்பதும் போயிற்று. ஜெயனி ஒவ்வொரு பின்னேரமும் வேலியடியில் காத்திருந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் போதெல்லாம் சொல்லிவிட நினைப்பான். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிடுவான்.

அறுபத்தைந்தாம் நாள் அவள் கமராவை உறைக்குள் வைத்தாள். "நான் கிட்ட இருந்து படம் எடுத்ததுதான் பிழை போல, அண்ணை. எனக்கு உது சரிவராது. விடப்போறன்."

"பிழை உன்னிலை இல்லை" என்றான். மிச்சத்தை வேலியைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

"எல்லாத்தையும் துடைச்சனீங்களோ?"

"ஓம். பதினொண்டையும்."

அவள் வலையைத் தூக்கி, விரலால் மண்ணை விலக்கினாள். முட்டைகள் சுருங்கிக் கறுத்து, நிரை பிசகாமல் கிடந்தன. கமராவைத் திரும்ப வெளியே எடுத்தாள்.

"உந்த முட்டையளை ஏன் பிள்ளை படம் எடுக்கிறாய்?"

"நடந்ததைத்தானே எடுக்கவேணும். தள்ளுங்கோ அண்ணை, நிழல் விழுது."

அவன் விலகி நின்றான். தன் கைவேலையை ஒருவரும் பார்க்கக்கூடாது என்று அவன் நினைத்தது அதுதான் முதல்தடவை.