கோயிலுக்கு நல்ல தண்ணீர் சுமந்தவள்

புதுப் புத்தகத்தின் மை வாசனையும் அம்மாவின் கையில் அப்பியிருந்த உப்பளத்துச் சேற்று வாசனையும் கலந்து வந்த அந்தச் சாயங்காலத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மரக்காணத்தில் நான் ஐந்தாவது படித்தபோது எங்களுக்கு வாத்தியாராக இருந்தவர், திருச்சபை வரலாறும் வேதத்தைப் பற்றிய சிந்தனைகளும் எழுதிப் புத்தகமாகப் போடுகிறவர். எங்கள் ஊர் மாதா கோயிலின் கதையை எழுத உட்கார்ந்தவர், ஒருநாள் வகுப்பில், "சாமியாருங்க பேரு மட்டும் எழுதுனா போதாது பசங்களா. கல்லு மண்ணு சுமந்தவங்க யாருன்னு வூட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

என் அம்மா சுமந்திருந்தாள். நாங்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்தான். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்பதால் கோயில் கட்டச் சித்தாளாகப் போனாள். இங்கத்து உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்தால் சுவர் உப்புப் படிந்து "பூத்துடும்" என்று கொத்தனார் சொல்ல, தூரத்துக் கிணற்றிலிருந்து "நல்ல தண்ணி"யை, என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, குடம் குடமாகச் சுமந்தவள் அவள்.

"மறக்காம எம்பேரச் சொல்லுடி" என்று காலையில் அனுப்பினாள். மற்ற பிள்ளைகள் எழுந்து எழுந்து சொன்னார்கள். என் முறை வந்தபோது, வேறு சாமி கும்பிடுகிறவள் பேரை அங்கே சொல்லக் கூசி, "எங்க வூட்டுல யாருமில்ல சார்" என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் "சொல்லிட்டேன்" என்றேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். அன்று சாயங்காலம் அளத்திலிருந்து வந்த எழுத்தறியாத அம்மா, "எங்கடி எம்பேரு?" என்றாள். ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு அளத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

"புஸ்தகத்துல ஏறிட்டே, இனிமே எங்ககூட உப்பு வார வருவியாக்கா?" என்று பெண்கள் சீண்டினார்கள்.

"மகாராணி வர்றேன், வழி வுடுங்கடி" என்று சிரித்தாள் அம்மா.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த வாத்தியாரிடமே அதை நீட்டிவிட்டாள். "சார், இதானுங்களே எம்பேரு?"

அவர் வரியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்தார். பொய்ச்சாட்சி பெரிய பாவம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். "ஆமாம்மா, இதேதான்" என்றார்.

மறுநாள் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவ அச்சுப் போடும்போது சேர்த்துடலாம், பேரச் சொல்லு" என்றார். அப்போது சொன்னேன், எழுதிக்கொண்டார். அடுத்த தடவை வருவதற்குள் அவரே போய்விட்டார். அம்மாவும் அந்த வரியை நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள்.

பழைய கோயிலை இடித்துச் சிமெண்டில் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் லாரியில் வந்தது. அந்தப் புத்தகம் இப்போது யார் வீட்டிலும் இல்லை. நான் விரல் வைத்த வரியில் இருந்தது யாரோ ஒரு கொத்தனாரின் பெயர். என் அம்மாவின் பெயர் கன்னியம்மா.