சொதிப் பானையும் பாதி விலைப் பிக்கப்பும்

என் அக்கா எந்த வாகனத்தையும் ஒரே கேள்வியால்தான் மதிப்பிடுவாள்: இதில் சொதி சிந்துமா, சிந்தாதா? வாரநாட்களில் அவளுக்கு இங்கே சுவிஸில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. சனி ஞாயிறுகளில் தமிழ் வீட்டு விசேஷங்களுக்கு இடியப்பமும் சொதியும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இடியப்பம் பெட்டிக்குள் பேசாமல் இருந்துவிடும். சொதிதான் வில்லங்கம். தேங்காய்ப்பால் விட்டு இறக்கியதைச் சூட்டோடு இறுக்கி மூடி நெடுந்தூரம் கொண்டுபோனால் பால் திரைந்துவிடும் என்பது அவளுடைய அசையாத நம்பிக்கை. அதனால் பானை வாயில் துணி மட்டும்தான் கட்டுவாள். துணி கட்டிய பானை வளைவுகளில் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பழைய வான் வண்டிக்குள் மூக்கை நீட்டினாலே பதில் கிடைக்கும்.

அந்த வான் இந்த வசந்தத்தில் வாகனப் பரிசோதனையில் விழுந்தது. அடியில் துரு. திருத்துவதை விட விடுவது லாபம் என்றார்கள். அப்போது அக்காவின் கையில் டாவோஸ் என்ற மலையூரில் ஒரு விருந்துக்குச் சமைக்கும் ஓடர் இருந்தது. அந்த ஊர் ஹோட்டல்களில் ஒரு காலத்தில் கோப்பை கழுவிய தம்பதி, கலியாணம் கட்டி நாற்பது வருடமானதை அதே ஊரில் கொண்டாட நினைத்திருந்தார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வான் இல்லாட்டி அதைத் திருப்பிக் குடுப்பம். அதோட இந்தச் சமையலையும் விட்டிடுவம்," என்றாள் அக்கா, குப்பைப் பையை வெளியே வைக்கச் சொல்வது போல. அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சனி ஞாயிறுகளில் அவள் பாடிக்கொண்டு தேங்காய் துருவுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

நான் மின்பொறியியல் படிக்கிறேன். காலை ரயிலில் எல்லோரும் செய்தி பார்க்கும்போது நான் வாகன விமர்சனங்கள் பார்ப்பேன். அப்படித்தான் அது கண்ணில் பட்டது: மின்சாரப் பிக்கப், காட்சிக்கு நின்ற வண்டி, ஓடியது கொஞ்சம், விலை கிட்டத்தட்டப் பாதி. இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, அடுத்த நிலையத்தில் இருந்து அக்காவுக்கு அழைத்தேன்.

"பாதி விலைக்குக் குடுக்கிறாங்கள் எண்டா ஏதோ பிழை கிடக்கு."

"பிழை இல்லையக்கா. புது மொடல் வருது. அதுதான் தள்ளிவிடுறாங்கள்."

"இண்டைக்குப் பாதியாக் குறைச்சவன் நாளைக்குக் காலாக் குறைக்கமாட்டானோ?"

அன்று மாலை வீட்டில் ஓர் அட்டவணையை நீட்டினேன். மின்சாரச் செலவு, வரி, காப்புறுதி, குளிரில் பாட்டரி எவ்வளவு சுருங்கும், எல்லாவற்றையும் நிறம் நிறமாகப் போட்டிருந்தேன். அக்காவின் கணவரான அத்தான் அட்டவணையைப் பார்க்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கீழே போனார், எங்கள் வாகனத் தரிப்பிடத்தை அளந்தார், மேலே வந்தார்.

"மூக்கு உள்ளுக்கு நிண்டா வால் றோட்டில நிக்கும். இது வாகனமோ, ரயில்பெட்டியோ?"

சனிக்கிழமை மூவரும் ஓல்டனுக்கு வெளியே இருந்த விற்பனை நிலையத்துக்குப் போனோம். அக்கா தன் மிகப் பெரிய பானையையும், ஒரு வெள்ளைத் தறப்பாளையும், ஒரு சரை மஞ்சள்தூளையும் கொண்டு வந்திருந்தாள். விற்பனையாளர் ஒடிசலான, பொறுமையான மனிதர். பானையைப் பார்த்ததும் புன்னகையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தறப்பாளைப் பின்தட்டில் விரித்து, பானையைக் கயிற்றால் கட்டி, சொதி நிற்கும் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, மஞ்சளைக் கரைத்துத் துணியைக் கட்டினாள் அக்கா. வெள்ளைத் தறப்பாளில் மஞ்சள் எவ்வளவு சிந்தியது என்று யாரும் பொய் சொல்ல முடியாது.

"ஹவுன்ஸ்டைன் ஏறி இறங்கு," என்றாள். திரிம்பாக்குக்கு மேலே போகும் மலைப்பாதை அது. வளைவுக்கு வளைவு.

நான் ஏறி அமர்ந்தேன். இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அப்படியான வண்டியை அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. காலை வைத்ததும் சத்தமே இல்லாமல் அது பாய்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் இருந்து அத்தான், "பிள்ளை, தண்ணி," என்றார். நான் பதறிக் காலை எடுத்தேன். மின்சார வண்டியில் காலை எடுத்தால் அதுவே பிரேக் பிடிக்கும். போன தண்ணீர் முழுக்கத் திரும்பி வந்தது. மலை உச்சியில் இறங்கிப் பார்த்தால் தறப்பாள் சூரியகாந்தித் தோட்டம் போலிருந்தது.

"நீ சொதி கொண்டு போறியோ, கோயிலுக்குத் தீர்த்தம் தெளிக்கப் போறியோ?" என்றாள் அக்கா.

அங்கிருந்த குழாயில் தண்ணீரை நிரப்பி, அந்தத் தானியங்கிப் பிரேக்கை ஆகக் குறைந்த அளவில் வைத்து, இரண்டாவது முறை கர்ப்பிணியை ஏற்றியவள் போல ஓட்டினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திப் போனார். அப்படியும் இறக்கத்து வளைவுகளில் சிந்தியது. வெற்றுப் பிக்கப்பின் பின்பக்கம் விறைப்பாகத் துள்ளும் என்று விமர்சனங்களில் வாசித்திருந்தேன். அட்டவணையில் அதைப் போட மனம் வரவில்லை.

நிலைய முற்றத்தில் அக்கா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "பழைய வான் இதைவிடப் பரவாயில்லை," என்றாள். விற்பனையாளர் மொழி தெரியாமலே தலையாட்டினார். நான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். டாவோஸும் போச்சு, பாட்டும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அக்கா பின்தட்டின் சுவரில் இருந்த சின்ன மூடியை விரலால் திறந்தாள். "இது என்ன?"

"பிளக் சொருகுற இடம்," என்றேன் சுரத்தில்லாமல். "வண்டிப் பாட்டரியில இருந்து வீட்டுக் கரண்ட் வரும். தச்சு வேலைக்காரருக்கு. வாள், துளை போடுற மிஷின் அப்படி."

"வாளுக்கு எண்டா அடுப்புக்கும் வரும் தானே?"

நான் கயிற்றை விட்டேன்.

"மின்னடுப்பு வேலை செய்யுமோ, செய்யாதோ? ஓம் எண்டு சொல்லு, இல்லை எண்டு சொல்லு. அட்டவணை வேண்டாம்."

"ஓம்," என்றேன். "ரெண்டு பெரிய அடுப்பு ஒண்டா எரியும்."

"அப்ப நான் ஏன் சொதியைக் காவுறன்? பாலைக் குளிர்பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போய் அங்க நிண்டு காய்ச்சுறன்."

பாட்டரியை எத்தனை கோணத்தில் பார்த்திருந்தேன். அதை அடுப்பாக மட்டும் பார்க்கவில்லை. பத்து வருடமாக மண்டபம் மண்டபமாக அலைந்து, பூட்டிய சமையலறைகளுக்கு முன்னால் ஆறிய சொதியோடு நின்றவளுக்குத்தான் அது தெரிந்தது.

விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு, அதே வண்டியில் வீட்டுக்குப் போய் மின்னடுப்பையும் தேங்காய்ப்பாலையும் வெங்காயம் மிளகாயையும் அள்ளிக்கொண்டு வந்தோம். வந்து பார்த்தால் சுவிஸ் பிளக் அந்தத் துளைக்குள் போகவில்லை. வண்டி வெளிநாட்டுக் கணக்கில் செய்தது. விற்பனையாளர் உள்ளே ஓடி, கோப்பி மெஷினுக்குப் பின்னால் இருந்த மாற்றுப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை மதியம் அங்கே யாருக்கும் கோப்பி இல்லை. சொதி இருந்தது. பின்கதவைத் தாழ்த்தி, அதையே மேசையாக்கி அக்கா காய்ச்சினாள். கறிவேப்பிலை வாசம் வரிசையாக நின்ற புது வாகனங்களுக்கு மேலால் போயிற்று. கார் பார்க்க வந்த ஒரு குடும்பம் காரைப் பார்க்கவில்லை. விற்பனையாளர் இரண்டாவது கிண்ணத்தோடு நின்றுகொண்டு, இந்த சூப்பின் பெயரை எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் காய்ச்சியும் பாட்டரி அசைந்ததாகத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டோ?" என்றேன் மெதுவாக.

"விலையை விடு. பின்னுக்கு ஒரு கூரையும் குளிர்கால டயர்ச் சில்லும் போட்டுத் தரச் சொல்லு. மழைக்குள்ள நிண்டு காய்ச்ச ஏலாது."

போட்டுத் தந்தார்கள்.

டாவோஸுக்கு விடியவே வெளிக்கிட்டோம். வழியில் வாலன் ஏரிக்கரையில் சார்ஜ் ஏற்ற நின்ற நேரத்தில் அக்கா வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்தாள். வளைவுகளில் நான் என் விருப்பத்துக்கு ஓட்டினேன். பின்னால் சிந்த ஒன்றும் இல்லை. மண்டபத்துச் சமையலறை வழமைபோலப் பூட்டியிருந்தது. யாரும் கவலைப்படவில்லை. தரிப்பிடத்தில் கூரைக்குக் கீழே இடியப்பம் ஆவி பறந்தது, சொதி கொதித்தது. நாற்பது வருடத் தம்பதி பட்டுச்சேலையும் கோட்டுமாக வெளியே வந்து, கையில் கிண்ணத்தோடு வரிசையில் முதலாவதாக நின்றார்கள். அக்கா பாடிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் அடுத்த மாதம் சோலோதுர்னில் ஒரு பிறந்தநாளுக்கு வரமுடியுமா என்று கேட்க, பாட்டை நிறுத்தாமலே தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி ஒலித்தது. வண்டி விலைக்கு வைத்திருந்த பழைய தேடல் அறிவிப்பை நிறுத்த மறந்திருந்தேன். அதே வண்டி, இன்னொரு ஊரில், எங்களுடையதை விடவும் விலை குறைந்து நின்றது. பதினைந்து நாள் பொறுத்திருந்தால் போதும். குற்றவாளி போல அக்காவிடம் திரையைக் காட்டினேன்.

அவள் அகப்பையை நிறுத்தாமல் பார்த்தாள். தேசிக்காயைப் பிழிந்தாள். கூட்டத்துக்குள் இடியப்பத் தட்டோடு நின்ற அத்தானைப் பார்த்தாள்.

"அந்த மனுசனுக்குக் காட்டாத," என்றாள். "கிண்ணத்தை நீட்டு."