விளம்பரப் படத்தில் என் கதிரை

அந்தக் கதிரையை நோபல் பார்க் என்ற எங்கள் புறநகரில், எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு வாசல் புல்லில் கண்டேன். கவுன்சில் லொறி வந்து பெரிய குப்பைகளை அள்ளிப்போகும் வாரம் அது. உடைந்த தொலைக்காட்சிக்கும் ஈர மெத்தைக்கும் நடுவில், உயர்ந்த முதுகும் மரக் கைகளுமாக நின்றது. துணி கிழிந்து நாய் மயிர் அப்பியிருந்தது. கவிழ்த்து, ஆட்டிப் பார்த்தேன். மரச் சட்டம் அசையவில்லை.

"குப்பையை வீட்டுக்குள்ள கொண்டுபோகப் போறீரோ?" என்று கணவர் கேட்டார்.

"கதைக்காமல் ஒரு பக்கம் தூக்குங்கோ."

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். வாரத்தில் இரண்டு நாள்தான் ஓய்வு. அந்த நாட்களில் கதிரையை உரித்தேன். துணியை மரத்தோடு பிடித்திருந்த ஸ்டேப்பிள் கம்பிகளைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகக் கிளப்ப மூன்று வாரம் போனது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. கழற்றிய பழைய துண்டுகளில் சோக்கால் இலக்கம் போட்டேன். அவற்றை வைத்துத்தான் புதுத் துணியை வெட்டவேண்டும். பழைய சாமான் விற்கும் ஒப் ஷொப்பில் கனத்த பச்சைத் திரைச்சீலை ஒன்று கிடைத்தது. அதை வெட்டித் தைத்தேன். மூலையில் சுருக்கம் விழுந்ததால் முதுகுப் பக்கத்தை மூன்று தரம் பிரித்துத் திரும்பத் தைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. யூடியூபைப் பார்த்துப் பிழை விட்டுப் பழகினேன்.

கதிரை சரிவந்ததும் கை சும்மா இருக்கவில்லை. கறை பிடித்த எங்கள் சோபா செற்றிக்கு உறை தைத்தேன். பழைய லினன் விரிப்புகளுக்கு மஞ்சள் சாயம் போட்டு யன்னல்களில் தொங்கவிட்டேன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாதென்பதால் இரண்டு பக்கமும் இறுகி நிற்கும் கம்பிகளில்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டுச் சொந்தக்காரர் சார்பில் வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் வருவான். முப்பது வயதிருக்கும், கூர்மூக்குச் சப்பாத்து. முதல் தரம் என் தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, வீட்டில் வியாபாரம் நடத்துகிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகு வந்த மின்னஞ்சலில், வீட்டில் பொருட்கள் நெரிசலாக இருக்கின்றன, துணிகளை அகற்றவும் என்றிருந்தது. அதன் பிறகு அவன் வரும் நாட்களில் மெஷினையும் துணிப்பைகளையும் காரின் பின்பக்கத்தில் ஒளிப்பேன். களவெடுத்த சாமான் மாதிரி. வாடகையை ஒருநாள்கூடப் பிந்திக் கொடுக்காதவர்கள் நாங்கள். ஆனாலும் ஒளித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல்தான் முதலில் ஆத்திரம் வருகிறது.

போன வருடம் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கப் போகிறார் என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை படம் எடுக்க ஆள் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். அன்று நாங்கள் இருவரும் வேலை; ஏஜென்டிடம் சாவி இருந்தது. பின்னேரம் திரும்பி வந்தால், ஹோலில் சாமிப் படங்கள் வைத்திருந்த சாமித்தட்டைக் காணவில்லை. தேடினேன். துணி துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினுக்கு மேல், பிள்ளையாரும் அம்மனும் முகம் குப்புறக் கிடந்தார்கள். அவர்களுக்கு மேல் எங்கள் கலியாணப் படம். அதற்கும் மேல் ஒரு ஈரத் துவாய்.

"நீங்களோ இதை எடுத்து வச்சது?"

"எனக்கென்ன விசரோ?" என்றார் கணவர். அவருடைய முகமும் மாறிவிட்டது.

அடுத்த நாள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா, லுக், எங்கட வீடு."

விளம்பரத்தின் முதல் படம் என் ஹோல். மஞ்சள் திரைச்சீலைக்குள்ளால் வெளிச்சம் விழ, அதன் நடுவில் பச்சைக் கதிரை. கீழே ஆங்கிலத்தில், கைதேர்ந்த அலங்கரிப்பாளரின் ரசனையுடன் அமைந்த இல்லம் என்று எழுதியிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தைத்ததா இது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் சாமித்தட்டு இருந்த இடத்தில் வெறும் சுவரைக் கண்டேன். எங்கள் படம் இருந்த இடத்தில் யாரோ கொண்டுவந்த பூச்சாடி. பொருட்கள் நெரிசல் என்று எனக்கு எழுதினவர்கள், அதே பொருட்களை வைத்து வீட்டை விற்கிறார்கள். என் துணி வேண்டும், என் தையல் வேண்டும். நாங்கள்தான் அங்கே இருக்கக்கூடாது. தலைக்குள் ஏதோ கொதித்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. நான் காலை ஆறு மணிக்கே எழும்பிவிட்டேன். யன்னல் சீலைகளைக் கழற்றினேன். வீட்டோடு வந்த வெளுத்துப்போன பிளைண்டுகள் மட்டும் மிஞ்சின. செற்றியின் உறையை உரித்தேன். பழைய கறை அப்படியே பல்லிளித்தது.

"ஏனப்பா இந்தக் கரைச்சல்? பேந்து அடுத்த வீடு எடுக்க இந்த ஏஜென்ட்தான் நல்ல ஆக்கள் எண்டு ரெஃபரன்ஸ் எழுதித் தரவேணும்" என்றார் கணவர்.

"பிள்ளையாரை வாஷிங் மெஷினுக்கு மேல போட்டவனட்டை நீங்கள் ரெஃபரன்ஸ் கேளுங்கோ. எனக்கு வேண்டாம்."

நான் கதிரையின் ஒரு பக்கத்தைப் பிடித்ததும் அவர் மற்றப் பக்கத்தைத் தூக்கினார். இருவருமாகக் காருக்குள் ஏற்றினோம். சாமித்தட்டைத் திரும்ப ஹோலில் வைத்து விளக்கேற்றினேன்.

பத்தரைக்கு ஏஜென்ட் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இங்கே என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"என் சாமான்களை எடுத்துவிட்டேன்" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். கோபத்தில் எனக்கு ஆங்கிலம் தடக்கும். அன்று தடக்கவில்லை. "நீ விற்பது வீடு. வீடு இருக்கிறது."

"படத்தில் இருப்பதை எதிர்பார்த்து ஆட்கள் வருவார்கள்."

"அப்படியென்றால் படத்தை மாற்று. என் சாமான்களை வைத்து என்னைக் கேட்காமல் எடுத்த படம்தானே. என் சாமிப் படங்களைத் தொட்டது யார்?"

படம் எடுத்த ஆளாக இருக்கலாம் என்றான். விற்பனைக்கு நடுநிலையான தோற்றம் வேண்டும் என்றும், யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்றும் சொன்னான். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் வெளியே போகவில்லை, செற்றியின் கறைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு பெண் தொலைபேசியில் படத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, அந்தப் பச்சைக் கதிரை எங்கே என்று ஏஜென்டைக் கேட்டாள். அது காட்சிக்காக வைத்தது, எடுத்துவிட்டோம் என்று அவன் சிரித்தபடி சொன்னான்.

"பொய்" என்றேன். "அது என்னுடையது. நான் செய்தது. என் காரில் இருக்கிறது."

அந்தப் பெண் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் காது சிவந்தது. அந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது.

வீடு ஒரு மாதத்தில் விற்றுப்போனது. வாங்கினவர்கள் தாங்களே குடிவரப் போவதாகச் சொன்னார்கள். நாங்கள் டண்டினோங் பக்கம் இரண்டு அறை யுனிட் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டோம். கணவர் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஏஜென்ட் ரெஃபரன்ஸ் கொடுத்துவிட்டான். துப்புரவானவர்கள், அமைதியானவர்கள், எந்தத் தொந்தரவும் தராதவர்கள் என்று எழுதியிருந்தான்.

"பாத்தீரா, நல்லாத்தானே எழுதியிருக்கிறான்" என்று கணவர் நிம்மதியாகச் சிரித்தார்.

எனக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்து எறியவேண்டும் போலிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அவனைப் பொய்யன் என்று சொன்னேன். அவனுக்கு அது ஒரு சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.